சேர் பிராங்க் வொரெல்: அணியை ஒன்றாக்கிய தலைவர்

விளையாட்டுத் தலைமைத்துவம் பற்றி எழுதும்போது நாம் வழமையாக ஒரு பட்டியலோடு தொடங்குவோம். துணிவு, பொறுமை, ஒழுக்கம், திறமை, முன்மாதிரி என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றில் ஒன்றையேனும் மறுப்பவர் இல்லை. ஆனால் பட்டியலை மனனம் செய்துவிட்டதால் மட்டும் ஒருத்தி நல்ல தலைவியாகிவிடுவதில்லை. அந்தக் குணங்கள் ஒரு மனிதரின் வாழ்வில் எந்த நெருக்கடியில், யாருக்காகப் பயன்பட்டன என்று பார்க்கும்போதுதான் அவற்றின் பொருள் நமக்கு விளங்குகின்றது. ஆகவே பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகின்றேன். அவர்தான் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியின் தலைவராக விளங்கிய சேர் பிராங்க் வொரெல்.

எங்கள் வீட்டில் கிரிக்கெட் என்றால் வாப்பாவுக்கு உயிர். அவர் வாயிலாகவே இந்தப் பெயரை நான் முதலில் அறிந்தேன். பின்னர் தேடித் தேடி வாசித்தேன். கிண்ணங்களை அள்ளிச் சென்ற தலைவர்கள் பலர் இருக்க, இவரை ஏன் தெரிந்தெடுத்தேன் என்று தோழியர் கேட்கலாம். அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்த தொடரில் அவரது அணி தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகு எதிரணியின் நகரத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீதியில் திரண்டு அவரை வழியனுப்பினார்கள். தோற்றவருக்கு இப்படியொரு மரியாதை எப்படிக் கிடைத்தது என்ற கேள்விதான் என்னை அவரிடம் இழுத்துச் சென்றது.

கரிபியன் தீவுகளின் கிழக்கோரத்தில் இருப்பது பார்படோஸ். நமது கொழும்பு மாவட்டத்திலும் சிறிய தீவு அது. அங்கே 1924ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாம் திகதி வொரெல் பிறந்தார். பெற்றோர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குச் சென்றதால் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். பதினெட்டு மாத காலத்துக்குள், கென்சிங்டன் ஓவல் மைதானத்துக்கு அண்மையில், இன்னும் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒருவர் எவர்டன் வீக்ஸ், மற்றவர் கிளைட் வொல்கொட். மூவரும் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற துடுப்பாட்ட வீரர்களானார்கள். மூவரின் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மூன்று டபிள்யூக்கள் என்று உலகம் அவர்களை அழைத்தது. தமிழில் எழுதினாலும் மூன்று பெயர்களும் வகரத்திலேயே தொடங்குவது ஓர் இனிய பொருத்தம்.

கொம்பர்மியர் பாடசாலையில் படித்த காலத்தில் வொரெல் முதலில் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகவே அறியப்பட்டார். துடுப்பாட்டம் பின்னர் வந்தது. வந்தபோது வெள்ளம்போல வந்தது. 1944ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதில், டிரினிடாட் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 308 ஓட்டங்கள் பெற்றார். ஜோன் கொடார்ட்டுடன் சேர்ந்து அந்த ஆட்டத்தில் அவர் பெற்ற இணைப்பாட்டம் 502 ஓட்டங்கள். இரண்டு ஆண்டுகளின் பின் அதே டிரினிடாட்டுக்கு எதிராக வொல்கொட்டும் அவரும் பிரியாமல் நின்று 574 ஓட்டங்களைச் சேர்த்தனர். இத்தனை இளம் வயதில் இத்தனை புகழ் வந்தால் ஊர் சும்மா இருக்குமா? தலைக்கனம் பிடித்தவர் என்ற பேச்சு அவரைத் தொடர்ந்தது. பிறந்த மண்ணை விட்டு 1947இல் அவர் ஜமெய்க்காவில் குடியேறினார்.

1948இல் இங்கிலாந்துக்கு எதிராக முதலாவது டெஸ்ட் போட்டியில் விளையாடினார். மூன்று ஓட்டங்களால் சதத்தைத் தவறவிட்டு 97இல் ஆட்டமிழந்தார். அடுத்த போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 131 பெற்றார். அதே ஆண்டு இந்தியாவுக்குச் செல்லவிருந்த அணியில் இடம்பெறத் தமக்கு உரிய ஊதியம் வேண்டும் என்று கேட்டார். கிரிக்கெட் நிர்வாகம் மறுத்தது. அவரும் போக மறுத்தார். வசதி படைத்தவர்கள் பொழுதுபோக்காக விளையாடலாம், வறிய வீட்டுப் பிள்ளை விளையாட்டை மட்டும் நம்பி எப்படி வாழ்வது என்பதே அவரது நியாயம். இதனால் அவர் கலகக்காரர் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். நல்ல தலைவர் எல்லோருக்கும் எப்போதும் தலையாட்டுபவர் என்று நினைப்போருக்கு இந்தச் சம்பவம் ஒரு மறுமொழி. பணிவு வேறு, நியாயத்தை விட்டுக்கொடுப்பது வேறு.

பின்னர் இங்கிலாந்தின் ராட்கிளிஃப் என்ற சிறு நகரக் கழகத்துக்கு ஊதியம் பெறும் வீரராகச் சென்றார். 1950இல் மேற்கிந்திய அணி இங்கிலாந்தில் முதன்முறையாகத் தொடர் வெற்றி பெற்றபோது நொட்டிங்ஹாமில் அவர் பெற்ற 261 ஓட்டங்கள் அந்த வெற்றியின் மகுடமாக அமைந்தன. நான்கு டெஸ்ட் போட்டிகள் கொண்ட அத்தொடரில் 539 ஓட்டங்களைக் குவித்தார்.

இக்காலத்தில்தான் நமது நாட்டுடனும் அவருக்கு ஒரு தொடர்பு ஏற்பட்டது. பல நாட்டு வீரர்களைக் கொண்ட பொதுநலவாய அணியொன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சுற்றுப்பயணம் வந்தது. 1950-51 பருவத்தில் கொழும்பு ஓவல் மைதானத்தில் இலங்கை அணிக்கு எதிராக வொரெல் 285 ஓட்டங்கள் பெற்றார். இன்று நாம் பி. சரவணமுத்து மைதானம் என்று அழைப்பது அந்த மைதானத்தைத்தான். அந்தச் சுற்றுப்பயணங்களில் அணித்தலைவர் விளையாட முடியாத வேளைகளில் தலைமைப் பொறுப்பு வொரெலின் தோளில் விழுந்தது. அவர் அதனைத் திறம்படச் செய்தார். வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணியொன்று அவரது சொல்லுக்குக் கட்டுப்பட்டு விளையாடியதை உலகம் பார்த்தது.

உலகம் பார்த்ததை அவரது சொந்த நாட்டு நிர்வாகம் பார்க்க மறுத்தது. 1928இல் மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் விளையாடத் தொடங்கியது முதல் தலைமைப் பதவி வெள்ளையர்களுக்கு, அல்லது வெள்ளையராகக் கருதப்பட்டவர்களுக்கு உரியதாகவே இருந்து வந்தது. மாபெரும் துடுப்பாட்ட வீரரான ஜோர்ஜ் ஹெட்லிக்கு 1948இல் ஒரேயொரு போட்டியில் மட்டும் தலைவராகும் வாய்ப்புக் கிடைத்தது. அணியின் வெற்றிக்கு ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் பெற்றுக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்களும் இந்திய வம்சாவளியினருமே. ஆனால் நாணயச் சுழற்சிக்கு நடந்து செல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. திறமை ஓரிடத்தில் இருக்க, தலைமை வேறிடத்தில் இருந்தது.

இந்த இடத்தில் நான் சற்று நின்று யோசித்தேன். இத்தகைய அநீதிக்கு ஆளாகும் ஒருவர் என்ன செய்வார்? மனம் கசந்து விளையாட்டையே வெறுத்திருக்கலாம். வொரெல் அந்த ஆண்டுகளில் படித்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதற்காகச் சில தொடர்களில் விளையாடாமலும் இருந்து, பட்டம் பெற்றார். தலைமை தம்மைத் தேடி வரும்வரை கைகட்டிக் காத்திருக்காமல், அது வரும் நாளில் அதற்குத் தகுதியானவராக இருப்பதற்கு வேண்டியதைச் செய்தார் என்றே நான் விளங்கிக்கொள்கின்றேன்.

1960இல் காற்றுத் திசை மாறியது. டிரினிடாட்டில் ஒரு பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர், வொரெலைத் தலைவராக்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதினார். தீவுகள் விடுதலையை நோக்கி நடந்துகொண்டிருந்த காலம் அது. மக்களின் குரல் ஓங்கவே, 1960-61 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வொரெல் தலைவராக நியமிக்கப்பட்டார். ஒரு முழுத் தொடருக்குத் தலைமை தாங்கிய முதலாவது கறுப்பின வீரர் அவரே. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அவர் கையில் வந்து சேர்ந்த அணி எப்படிப்பட்டது? மேற்கிந்தியத் தீவுகள் என்பது ஒரு நாடல்ல. ஜமெய்க்காவுக்கும் பார்படோஸுக்கும் இடையில் மட்டும் ஆயிரம் மைலுக்கும் அதிகமான கடல். ஒவ்வொரு தீவுக்கும் தனிப் பெருமை, தனிப் பொறாமை. சோபர்ஸும் ஹோலும் பார்படோஸ். கன்ஹாயும் சொலமனும் கயானா. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழிவந்தவர்கள் அவ்விருவரும். தீவுகளையெல்லாம் இணைத்து 1958இல் உருவாக்கப்பட்ட கூட்டாட்சியே நான்கு ஆண்டுகளில் உடைந்துபோனது. அரசியல் தலைவர்களால் ஒட்டவைக்க முடியாத அந்தத் தீவுகளை ஒரு கிரிக்கெட் அணிக்குள் ஒட்டவைத்தவர் வொரெல். தீவுக்குத் தீவு ஒரு கூட்டமாகப் பிரிந்து நின்றவர்களை, யார் எந்தத் தீவு என்று பாராமல், ஒருவருக்காக ஒருவர் விளையாட வைத்தார்.

நமது பாடசாலைகளில் தீவுகள் இல்லைத்தான். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கும் மாலை வேளைகளில் நான் கவனித்திருக்கின்றேன். கலைப்பிரிவு மாணவியர் ஒரு மரநிழலில், விஞ்ஞானப்பிரிவு மாணவியர் இன்னொரு மரநிழலில், விடுதி மாணவியர் வேறொரு பக்கம். எல்லோரும் ஒரே நிற உடைதான், ஒரே இல்லம்தான். அஞ்சலோட்டக் கோலைக் கைமாற்றும் நேரத்தில்தான் அந்த இடைவெளி வெளியே தெரியும். முன்னால் ஓடுபவளின் வேகம் பின்னால் வருபவளுக்குத் தெரியாது. பழகியிருந்தால்தானே தெரியும்! இந்த நிழல்களை ஒன்றாக்குவது ஆசிரியைகளால் முடியாத வேலை. அது தலைவியின் வேலை.

வொரெல் அணிக்குள் எதிர்கொண்ட மிகக் கடினமான சோதனை இன்னொன்று. அவருக்கு முன் தலைவராக இருந்த ஜெரி அலெக்சாண்டர் விக்கெட் காப்பாளராக அதே அணியில் இருந்தார். பதவியை இழந்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர், இருவரும் பல மாதங்கள் ஒரே உடைமாற்றும் அறையில். முறுகல் ஏற்பட எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனால் அலெக்சாண்டர் முழுமனதோடு ஒத்துழைத்தார். வொரெலும் அவருக்குரிய மதிப்பைக் குறைக்கவில்லை. அந்தத் தொடரில் அலெக்சாண்டர் 484 ஓட்டங்கள் பெற்று, அணியின் துடுப்பாட்டச் சராசரியில் முதலிடம் வகித்தார். சிட்னியில் அவர் பெற்ற சதம் அவரது முதற்தரக் கிரிக்கெட் வாழ்விலேயே ஒரேயொரு சதம். முன்னாள் தலைவர் ஒருவர் புதிய தலைவரின் கீழ் தம் வாழ்வின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடினார் என்றால், அதில் இருவரின் பெருந்தன்மையும் தெரிகின்றது.

அக்காலத்தில் டெஸ்ட் கிரிக்கெட் சலிப்பூட்டும் விளையாட்டாகிவிட்டது என்று பலரும் குறைகூறினர். 1958இல் பிரிஸ்பேனில் இங்கிலாந்து அணி ஒரு முழு நாளும் ஆடி 106 ஓட்டங்கள்தான் பெற்றது. தோற்றுவிடுவோமோ என்ற பயமே ஆட்டத்தை ஆண்டது. அதே பிரிஸ்பேன் மைதானத்தில் 1960 டிசம்பர் 9ஆம் திகதி வொரெலின் அணி களமிறங்கியது. சோபர்ஸ் விளாசிய 132 ஓட்டங்களோடு முதல்நாளிலேயே 359 ஓட்டங்கள். வொரெல் இரண்டு இன்னிங்ஸிலும் தலா 65 ஓட்டங்கள் பெற்றார். அவுஸ்திரேலியத் தலைவர் ரிச்சி பெனோவும் வெற்றியையே நாடும் குணம் படைத்தவர். இரு தலைவர்களும் அஞ்சாமல் ஆடியதால் ஐந்தாம் நாள் மாலையில் உலகம் காணாத ஒரு முடிவு காத்திருந்தது.

அவுஸ்திரேலியாவின் இலக்கு 233. ஆறு விக்கெட்டுகள் 92 ஓட்டங்களுக்குள் விழுந்தன. பின்னர் டேவிட்சனும் பெனோவும் 134 ஓட்டங்களைச் சேர்த்து அணியை வெற்றியின் வாசலுக்கே கொண்டுவந்தனர். சொலமனின் நேரடி எறியில் டேவிட்சன் வீழ்ந்தார். கடைசி ஓவர் வந்தது. அந்நாளில் அவுஸ்திரேலியாவில் ஓர் ஓவருக்கு எட்டுப் பந்துகள். தேவை ஆறு ஓட்டங்கள், கையில் மூன்று விக்கெட்டுகள். வொரெல் பந்தை வெஸ் ஹோலிடம் கொடுத்தார்.

பெனோவுக்கு எகிறும் பந்தை வீசவேண்டாம் என்று வொரெல் ஹோலிடம் சொன்னதாகக் கூறுவர். இளமை வேகத்தில் ஹோல் அதையே வீசினார். பெனோ அடிக்க முயன்று அலெக்சாண்டரிடம் பிடிகொடுத்தார். ஹோலுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆனால் வொரெல் அதனைக் கொண்டாடவில்லை என்றும், அந்தப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அமைதியாக நினைவூட்டினார் என்றும் சொல்லப்படுகின்றது. இந்தச் சிறு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். பலன் நல்லதாக வந்துவிட்டால் செய்த முறையை நாம் கேள்வி கேட்பதில்லை. ஒரு தலைவர் இரண்டையும் பார்க்க வேண்டும். அதையும் பத்துப்பேர் முன்னிலையில் உரத்துச் சொல்லாமல், உரியவரின் காதில் மட்டும் சொல்லவேண்டும்.

அடுத்து உயரே எழுந்த ஒரு பந்தைப் பிடிக்கக் கன்ஹாய் காத்து நிற்க, ஹோல் ஓடிவந்து இடையில் பாய்ந்து நழுவவிட்டார். கையில் வந்த வெற்றி நழுவியது. அப்போதும் தலைவர் பதறவில்லை. பின்னர் ஹன்ட் எல்லைக்கோட்டருகிலிருந்து எறிந்த பந்தில் குரௌட் ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். ஓட்டங்கள் சமன். இரண்டு பந்துகள், ஒரு விக்கெட். கோட்டைத் தாண்டி நோபோல் வீசினால் பார்படோஸில் கால்வைக்க முடியாது என்று வொரெல் ஹோலிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். உயிர்போகும் நேரத்திலும் ஒரு சிரிப்பை வரவழைக்கும் நிதானம் எத்தனை பேருக்கு வரும்? அடுத்த பந்தில் சொலமன் பக்கவாட்டிலிருந்து, ஒரேயொரு விக்கெட் தடி மட்டுமே கண்ணுக்குத் தெரிய, எறிந்து வீழ்த்தினார். இரு அணிகளும் தலா 737 ஓட்டங்கள். டெஸ்ட் வரலாற்றின் முதலாவது சமநிலை முடிவு அது. இன்றுவரை அப்படி நடந்தது இன்னும் ஒரேயொரு முறைதான், 1986இல் சென்னையில்.

தொடரின் எஞ்சிய கதையும் சுவையானது. மெல்பேர்னில் அவுஸ்திரேலியா வென்றது, சிட்னியில் மேற்கிந்தியத் தீவுகள் வென்றது. அடிலெய்டில் வெற்றிக்கு ஒரேயொரு விக்கெட் தேவைப்பட்ட வேளையில் சோபர்ஸ் ஒரு பிடியை எடுத்துவிட்டதாக எண்ணி அணியினர் களத்தைவிட்டு நகரத் தொடங்கினர். நடுவர் ஆட்டமிழப்பு இல்லை என்றார். அவர்கள் திரும்பி வந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கடைசி இணை ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகத் தாக்குப்பிடித்தது, வெற்றி கைநழுவியது. மெல்பேர்னில் நடந்த ஐந்தாவது போட்டியை ஒரே நாளில் 90,800 பேர் பார்த்தனர். அதன் இறுதி நிமிடங்களில் குரௌட்டின் விக்கெட்டிலிருந்து பெயில் விழுந்திருந்தும் நடுவர்கள் ஆட்டமிழப்புக் கொடுக்கவில்லை. அவுஸ்திரேலியா இரண்டு விக்கெட்டுகளால் வென்று தொடரையும் கைப்பற்றியது. வொரெலின் அணி அதையும் ஏற்றுக்கொண்டது.

நடுவரின் தீர்ப்பை ஏற்பது பற்றி நமக்கு எத்தனை முறை சொல்லித்தரப்பட்டிருக்கின்றது! நமக்குச் சாதகமாக வரும்போது ஏற்பது எளிது. தொடரையே இழக்கச் செய்யக்கூடிய தீர்ப்பைப் பதினொரு பேரும் முகம் சுளிக்காமல் ஏற்க வேண்டுமானால், அந்தப் பதினொரு பேருக்கும் முன்னால் நிற்பவர் முதலில் ஏற்றிருக்க வேண்டும். வலைப்பந்து ஆடுகளத்தில் ஒரு தீர்ப்புக்குத் தலைவி கையை உதறினால், அடுத்த நிமிடமே அணி முழுவதும் உதறுவதை நாம் காணலாம். தலைவியின் முகம்தான் அணியின் முகம்.

பரிசளிப்பு விழாவில் வொரெல் தமது தொப்பியையும் கழுத்துப்பட்டியையும் மேலங்கியையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, வேடிக்கையான பேச்சோடு பெனோவிடம் கொடுத்தார். பிரிஸ்பேனில் பயன்பட்ட பந்து பதிக்கப்பட்ட ஒரு கிண்ணத்தை அவுஸ்திரேலிய நிர்வாகம் உருவாக்கியிருந்தது. பிராங்க் வொரெல் கிண்ணம் என்பது அதன் பெயர். இரு நாடுகளும் இன்றும் அந்தக் கிண்ணத்துக்காகவே மோதுகின்றன. தோற்ற அணியின் தலைவர் பெயரால் வென்ற நாடு ஒரு கிண்ணம் செய்வது என்பது எளிதில் நடக்கும் காரியமா? மெல்பேர்ன் வீதிகளில் திறந்த மோட்டார் வாகனங்களில் மேற்கிந்திய வீரர்கள் அழைத்துச் செல்லப்பட்டபோது ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் கூடிக் கையசைத்தார்கள். வெள்ளையரல்லாதோர் குடியேறுவதைத் தடுக்கும் கொள்கை அப்போதும் அந்த நாட்டில் நடைமுறையில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் அந்தக் காட்சியின் பெறுமதி புரியும்.

அடுத்த ஆண்டு இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்தது. 1962 மார்ச்சில் பார்படோஸ் அணியுடனான ஆட்டத்தில் கிரிஃபித் வீசிய வேகப்பந்து இந்தியத் தலைவர் நரி கொன்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. மண்டையோடு உடைந்தது. அந்நாளில் தலைக்கவசம் இல்லை. உயிர் பிழைப்பாரா என்ற நிலையில் அவசர சத்திரசிகிச்சை நடந்தது. குருதி தேவைப்பட்டபோது முதலில் முன்வந்து கொடுத்தவர்களில் எதிரணித் தலைவரான வொரெலும் ஒருவர். இந்திய வீரர்கள் சிலரும் கொடுத்தார்கள். கொன்ட்ராக்டர் உயிர் பிழைத்தார். ஆனால் மீண்டும் ஒரு டெஸ்ட் போட்டியில் அவரால் விளையாட முடியவில்லை. அந்தத் தொடரின் ஐந்து போட்டிகளையும் வொரெலின் அணி வென்றது என்பது புள்ளிவிபரம். ஐந்து பூச்சியம் என்ற அந்த முடிவை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. கொடுத்த குருதியை மறந்தவர் இல்லை.

1963இல் இங்கிலாந்துக்கு இறுதியாக அணியை அழைத்துச் சென்றார். லோர்ட்ஸ் போட்டியின் கடைசி ஓவரில் ஷக்கிள்டன் ஓட்டமொன்றுக்காக ஓட, பந்தைக் கையில் எடுத்த வொரெல் எறியாமல் தாமே ஓடி, அவரை முந்திச் சென்று விக்கெட்டை வீழ்த்தினார். எறிந்தால் தவறலாம், ஓடினால் தவறாது என்ற கணிப்பு அது. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. தொடரை 3-1 என்று வென்ற கையோடு ஓய்வு பெற்றார். 51 டெஸ்ட் போட்டிகளில் 3,860 ஓட்டங்கள், 69 விக்கெட்டுகள். தலைவராகப் பதினைந்து போட்டிகளில் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி, இரண்டு வெற்றிதோல்வியின்றி, ஒன்று சமநிலை.

நல்ல தலைவரின் கடைசிப் பொறுப்பு, தமக்குப்பின் வருபவரை ஆயத்தப்படுத்துவது. வொரெல் சோபர்ஸைத் தமக்குப்பின் தலைவராக வரவேண்டியவர் என்று முன்மொழிந்தார். 1965இல் அவுஸ்திரேலியா மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்தபோது சோபர்ஸ் தலைவர், வொரெல் முகாமையாளர். ஒதுங்கி நின்று உதவினார். அந்தத் தொடரை 2-1 என வென்று, அவர் பெயர் தாங்கிய கிண்ணத்தை அவரது பிள்ளைகள் முதன்முறையாகத் தம் மண்ணுக்குப் பெற்றனர். அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மேற்கிந்தியத் தீவுகள் பெற்ற முதலாவது தொடர் வெற்றியும் அதுவே. தலைவராக அவர் வெல்லாத ஒன்றை, அவர் வளர்த்தவர்கள் வென்றார்கள்.

1964இல் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. ஜமெய்க்காவின் செனட் சபையில் உறுப்பினராக இருந்தார். மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதியின் பொறுப்பாளராகப் பணியாற்றினார். பெயரும் புகழும் பெற்ற பின் இளைஞர்களுடன் வாழும் பணியை அவர் தெரிந்தெடுத்தது தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காலம் அவருக்கு அதிக ஆண்டுகளைக் கொடுக்கவில்லை. குருதிப் புற்றுநோய்க்கு ஆளாகி, 1967 மார்ச் 13ஆம் திகதி கிங்ஸ்டனில் காலமானார். வயது நாற்பத்திரண்டுதான். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவருக்காக நினைவு ஆராதனை நடைபெற்றது. விளையாட்டு வீரர் ஒருவருக்கு அங்கே அத்தகைய மரியாதை கிடைத்தது அதுவே முதன்முறை. பார்படோஸில் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அந்த நாட்டின் ஐந்து டொலர் நாணயத்தாளில் அவரது முகம் இருக்கின்றது. பின்னாளில் வொல்கொட்டும் வீக்ஸும் காலமானபோது அவர்களும் அவரருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

அன்புத் தோழியரே, இல்லத் தலைவியாகவோ அணித்தலைவியாகவோ நாளை உங்களில் ஒருத்தி தெரிவு செய்யப்படலாம். அந்த நாளில் சட்டையில் ஒரு சின்னம் ஏறும், பெயருக்கு முன் ஒரு பதவி ஏறும். அவற்றோடு யாருக்கும் கண்ணில் படாத ஒரு கணக்கும் ஏறும். மரநிழலில் தனித்திருந்தவளை அணிக்குள் அழைத்தீர்களா? உங்களுக்கு முன் அந்தப் பதவியிலிருந்த அக்காவின் மதிப்பைக் காத்தீர்களா? கோலை நழுவவிட்டவளை மைதான நடுவில் கடிந்தீர்களா, அல்லது தோளில் கைவைத்து அடுத்த ஓட்டத்துக்கு அழைத்துச் சென்றீர்களா? எதிரணியில் ஒருத்தி கால் சுளுக்கி விழுந்தபோது நேரத்தைப் பார்த்தீர்களா, அவளைப் பார்த்தீர்களா? தரம் எட்டுப் பிள்ளையொருத்திக்கு உங்கள் இடத்தை ஒருநாள் நிரப்பக் கற்றுக்கொடுத்தீர்களா? ஆண்டு இறுதியில் கிண்ணம் எந்த அலுமாரிக்குப் போனாலும் இந்தக் கணக்கு நம்மிடமே தங்கும்.

இந்தியாவின் கொல்கத்தா நகரில் ஆண்டுதோறும் பெப்ரவரி 3ஆம் திகதியை அங்குள்ள வங்காளக் கிரிக்கெட் சங்கத்தினர் பிராங்க் வொரெல் தினமாகக் கடைப்பிடிக்கின்றனர். அன்று அங்கே கிரிக்கெட் போட்டி பிரதான நிகழ்ச்சியல்ல. குருதிக்கொடை முகாம் நடக்கின்றது. அவர் ஆடியதை ஒருநாளும் பார்த்திராத இளைஞர்கள் வரிசையில் நின்று, தாம் அறியாத யாரோ ஒருவருக்காகக் கையை நீட்டுகின்றார்கள்.